இயற்கையின் பங்கும் வினைச்சொல்லும்: கலம்காரித் தொழில்முறையை மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல்

1. முன்னுரை

ஆங்கிலேயச் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலை, முள், பனிக்கட்டி, ஆற்றுக்கல் முதலியவற்றைக் கொண்டு திறந்தவெளியில் உருவாக்கிய படைப்புகளின் ஒளிப்படத் தொகுப்பு ஒன்று 1990இல் வெளிவந்தது. ‘இயற்கையுடன் ஒரு கூட்டுழைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அந்நூலுக்கு இடப்பட்டிருந்தது. வெயிலில் பனிக்கட்டி உருகுவதும், காற்றில் இலைகள் சிதறுவதும், கடல் ஏறிக் கற்குவியலைக் கலைப்பதும் அப்படைப்புகளுக்கு நேரும் கேடுகளாகக் கருதப்படுவதில்லை. அவற்றின் உறுப்புகளாகவே கருதப்படுகின்றன. இயற்கையைக் கலைஞரின் கூட்டாளி என்று கூறும் இவ்வழக்கு கலைத்திறனாய்வில் இன்று பரவலாகக் காணப்படுகிறது. அதனைத் தமிழில் பெயர்ப்போர் ‘இயற்கையுடன் இணைந்து’, ‘இயற்கையின் ஒத்துழைப்போடு’ போன்ற தொடர்களைக் கையாளுகின்றனர்.

தலைப்பைப் பெயர்ப்பது எளிது. ஆனால், தலைப்பில் கூட்டாளியாக அறிமுகமாகும் இயற்கை, செய்முறையை விளக்கும் பத்திகளில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அங்கு வரும் வினைகள் அனைத்திற்கும் மனிதனே வினைமுதலாகிறான். இது மூலநூலின் கருத்தால் நேர்வது அன்று. பெரும்பான்மையும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் வினைவடிவத்தால் நேர்வது. கலம்காரி என்னும் துணி ஓவியக் கலையின் செய்முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இக்கலை தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆறு, வெயில், காற்று, புளிப்பு ஆகியவை இதில் செய்யும் பணிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்ட இயலும். மற்றொன்று, இச்செய்முறை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிறமொழியில் எழுதப்பட்ட வரலாறு உடையது.

2. ‘ஓடு’ உருபும் உயர்வும்

கூட்டாக நிகழும் வினையைத் தமிழ் ‘ஓடு’, ‘உடன்’ என்பவற்றால் உணர்த்துகிறது. பழந்தமிழில் ‘ஒடு’ உருபு எப்பெயரை ஏற்று வரும் என்பதற்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒரு விதி கூறுகிறது. ஒரே வினையை இருவர் செய்யும்போது, அவ்விருவருள் உயர்ந்தவரைக் குறிக்கும் பெயரே அவ்வுருபை ஏற்கும் என்பது அதன் கருத்து. இதன்படி, ‘ஆசிரியரோடு மாணவர் வந்தனர்’ என்பது முறையான தொடர். எழுவாய் மாணவர், வருகைக்குத் தலைமை தாங்குபவர் ஆசிரியர்.

இவ்விதி இன்றைய வழக்கில் இல்லை. ‘குழந்தையோடு தாய் வந்தாள்’ என்பதே இயல்பு. எழுவாயே இன்று முதன்மையுடையது. உருபேற்ற பெயர் உடன்வருவதாக மட்டும் உணரப்படுகிறது. எனவே, ‘இயற்கையோடு கலைஞர் படைத்தார்’ என்னும் தொடர் பழைய இலக்கண நோக்கில் இயற்கைக்கு உயர்வைத் தருகிறது. இன்றைய வாசகருக்கோ அதனைத் துணைநிலையில் நிறுத்திக் காட்டுகிறது. வேற்றுமை உருபு ஒன்றை மட்டும் கொண்டு இயற்கைக்கு உரிய பங்கை வழங்கிவிட முடியாது என்பது இதனால் பெறப்படும். அப்பங்கு வினைச்சொல்லில்தான் புலப்பட வேண்டும்.

3. கலம்காரியின் செய்முறை

ஆந்திரப் பிரதேசத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் திருக்காளத்தி. அங்கு வழங்கும் கலம்காரி, பருத்தித் துணியின்மீது கையால் எழுதப்படும் ஓவியமாகும். நலிந்திருந்த இக்கலை, 1950களில் கமலாதேவி சட்டோபாத்தியாய் போன்றோர் மேற்கொண்ட முயற்சியால் புத்துயிர் பெற்றது. மூங்கில் குச்சியின் ஒரு முனையைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ பந்துபோல் சுற்றி நூலால் கட்டியதே இதன் எழுதுகோல். பந்து சாயநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரல்கள் அழுத்தும் அளவிற்கு ஏற்ப நீர் முனைக்கு இறங்கும்.

கஞ்சி போக அலசிய துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காய் துணிக்குத் துவர்ப்பைத் தருகிறது. பாலின் கொழுப்பு, எழுதும் நீர் இழைவழியே கசிந்து பரவாமல் காக்கிறது. பின்னர்ப் புளியங்குச்சிக் கரியால் உருவங்கள் குறிக்கப்படும்.

கறுப்புக்குரிய நீர், துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் பல நாள் இட்டுவைப்பதால் கிடைக்கிறது. வெல்லநீர் புளித்து அமிலமாகி இரும்பைக் கரைக்கிறது. இந்நீரால் எழுதிய கோடு முதலில் மங்கலாகத் தோன்றும். துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்புடன் இரும்பு சேர்ந்த பின்னரே கருமை அடையும். கறுப்பு என்னும் நிறம் கலத்தில் இருப்பதன்று, துணியில் பிறப்பது.

சிவப்பின் நிலையும் இதுவே. சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரநீர் பூசப்படுகிறது. அது தன்னளவில் நிறமற்றது. சில நாள் கழித்துத் துணியை ஓடும் நீரில் பிடிக்கும்போது, இழையோடு பிணையாத மிகுதிப் படிகாரத்தை நீரோட்டம் கொண்டுசென்றுவிடும். தேங்கிய நீரில் இதனைச் செய்தால், கரைந்த படிகாரம் துணியின் பிற இடங்களில் படிந்து அவற்றையும் சிவக்கச்செய்துவிடும். பின்பு சாயவேர் அல்லது மஞ்சிட்டி இட்டுக் கொதிக்கவைக்கும்போது, படிகாரம் உள்ள இடங்கள் மட்டும் சிவப்பை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில் பல பட்டறைகளில் இவ்வேர்களின் இடத்தைச் செயற்கை அலிசரின் பெற்றது. எனினும் படிகாரத்தின் பணியும் ஆற்றின் பணியும் மாறவில்லை.

எழுதாத இடங்களில் படிந்த மங்கிய செம்மையைப் போக்குவது அடுத்த கட்டம். துணியைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, ஆற்றுமணலில் விரித்து, காயக்காய நீர் தெளிப்பர். சாணம், ஈரம், வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்து நிலத்தை வெளுப்பாக்கும். மஞ்சளும் நீலமும் அதன் பின்னரே இடம்பெறும். அவுரித் தொட்டியில் தோய்த்த துணி வெளியே எடுக்கும்போது பசுமஞ்சளாக இருந்து, காற்றுப்பட்டதும் நீலமாக மாறும் என்பது சாயத்தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

‘கலம்’ என்னும் எழுதுகோலின் பெயரிலிருந்து ‘கலம்காரி’ என்னும் பாரசீக வழிச் சொல் அமைந்தது. தெலுங்கில் வழங்கும் ‘வ்ராதபனி’ என்னும் பெயரும் எழுத்துவேலை என்றே பொருள்படும். தமிழிலும் ஓவியத்தை ‘எழுதுதல்’ என்பது தொன்றுதொட்ட வழக்கு. இப்பெயர்கள் அனைத்தும் கையையும் கோலையும் சுட்டுகின்றன; ஆற்றையும் வெயிலையும் சுட்டவில்லை. பெயர் விட்டதை வினை ஈடுசெய்கிறதா என்பதே அடுத்து நோக்கற்பாலது.

4. செய்தல், வைத்தல், விடுதல்

தன்வினை, பிறவினை எனப் பொதுவாக வழங்கும் பாகுபாட்டின் ஒரு பகுதியைக் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று விளக்கினார். வினையின் விளைவு எழுவாயிடத்தே நிகழுமாயின் அது இயங்குவினை. எழுவாய் அவ்விளைவைப் பிறிதொன்றில் நிகழ்த்துமாயின் அது இயக்குவினை.

(1) அ. நிறம் மாறியது.
ஆ. அவர் நிறத்தை மாற்றினார்.

(2) அ. வேர் வளர்ந்தது.
ஆ. அவர்கள் வேரை வளர்த்தனர்.

இரண்டாம் இணைக்கு மேகாலயத்தின் வேர்ப்பாலங்கள் தக்க சான்றாகும். அங்குள்ள காசி, செயின்தியா மக்கள், நீரோடையின் கரையில் நிற்கும் இந்திய ரப்பர் அத்திமரத்தின் விழுதுவேர்களைக் கமுகு மரத்தண்டு போன்ற தாங்கிகளின் வழியே எதிர்க்கரைக்குச் செலுத்துகின்றனர். அவை வேரூன்றித் தடித்து, மனிதர் நடக்கத்தக்க பாலமாக உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். இதனைத் தமிழில் ‘பாலம் கட்டினர்’ என்று எழுதினால் வினை முடிந்த ஒன்றாகிவிடுகிறது. மரத்தின் பங்கும் மறைகிறது. ‘பாலம் வளர்த்தனர்’ என்னும் தொடர், வளர்வது மரம் என்பதையும் வளர்ப்பவர் மக்கள் என்பதையும் ஒருசேர உணர்த்துகிறது. இயங்குவினையைத் தன்னுள் கொண்ட இயக்குவினை என்பதால் இது இயலுகிறது.

கலம்காரியின் செய்முறைக்கு இன்றியமையாத வினைகளுள் பலவற்றிற்கு இத்தகைய ஒருசொல் இயக்குவினை தமிழில் இல்லை என்பது கருதத்தக்கது. ‘புளி’ என்னும் வினைக்கு அவ்வாறான இணை வழக்கில் இல்லை. ‘ஊறு’ என்பதன் இணையாக வடிவளவில் தோன்றும் ‘ஊற்று’, நீரை வார்த்தல் என்னும் வேறு பொருளுக்குச் சென்றுவிட்டது. ‘காய்’ என்பதன் இணையாகிய ‘காய்ச்சு’, நெருப்பில் சூடேற்றுவதைக் குறிக்குமேயன்றி, வெயிலில் ஈரம் போக்குவதைக் குறிக்காது. ‘உலர்த்து’ போன்ற விலக்குகள் உள்ளமையால் இதனை விதி என்று கூற இயலாது. ஒரு போக்கு எனலாம். தானே நிகழ்ந்து முடிய வேண்டிய மாற்றங்களைப் பெரும்பாலும் துணைவினையின் துணையோடுதான் மனிதச் செயலாகத் தமிழ் கூறுகிறது. அத்துணைவினைகளும் ஒரே பொருளுடையன அல்ல.

(3) அ. துணியை உலர்த்தினார்.
ஆ. துணியை உலரவைத்தார்.
இ. துணியை உலரவிட்டார்.

(3அ) விளைவு முழுவதையும் எழுவாயின்மேல் ஏற்றுகிறது. (3ஆ) எழுவாய் ஏற்பாட்டைச் செய்ததையும் விளைவு அதன்பின் நிகழ்ந்ததையும் காட்டுகிறது. (3இ) எழுவாய் குறுக்கிடாமல் காத்திருந்ததை உணர்த்துகிறது. பேச்சுவழக்கின் ‘காயப்போடு’ என்பதும் இவ்வரிசையில் சேரும்; போடுவது மனிதர், காய்வது துணி என்னும் பிரிவினை அதில் வெளிப்படை.

‘வெளு’ என்னும் வினை மேலும் நுட்பமானது. ‘துணி வெளுத்தது’, ‘துணியை வெளுத்தார்’ என இயங்குவினையாகவும் இயக்குவினையாகவும் அது உருமாறாமல் வருகிறது. பின்னதில் வெயிலின் பங்கு முற்றிலும் மறைந்துவிடுகிறது. சலவை செய்தல் என்னும் பொருளும் மேலோங்குகிறது. ‘சாயம் பிடித்தது’, ‘சாயம் ஏறியது’ என்னும் வழக்குகளிலோ சாயமே எழுவாய். ‘துணி நிறத்தைப் பிடித்துக்கொண்டது’ என்னும்போது ‘கொள்’ என்னும் துணைவினை, துணி அந்நிறத்தைத் தனதாக்கிக்கொண்டது என்னும் பொருளைச் சேர்க்கிறது. படிகாரம் பிணைந்த இழையில் நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே.

5. இடமா, கருவியா, வினைமுதலா?

வினை ஒன்று நிகழ்வதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியம் எட்டாக எண்ணுகிறது. வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்கு என்பது, என்ன பயன் என்பது ஆகியவை அவை. நிலமும் காலமும் வினையின் பின்னணியாக ஒதுக்கப்படாமல், செய்பவனோடு ஒரே பட்டியலில் இடம்பெறுவது மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. கலம்காரியில் நிலம் என்பது ஆற்றுமணல். காலம் என்பது ஆற்றில் நீரும் வானில் வெயிலும் உள்ள பருவம். இவ்விரண்டில் ஒன்று இல்லையாயினும் செயப்படுபொருள் நிறைவுறாது.

இயற்கை ஆற்றல்களைத் தமிழ் பெரும்பாலும் ஏழாம் வேற்றுமையில் வைக்கிறது.

(4) அ. மழையில் நனைந்தான்.
ஆ. காற்றில் விளக்கு அணைந்தது.
இ. வெயிலில் துணி வெளுத்தது.

இத்தொடர்களில் ‘இல்’ உருபு இடத்தை மட்டும் உணர்த்தவில்லை, காரணத்தையும் உணர்த்துகிறது. இயங்குவினையோடு வரும்போது இக்காரணப் பொருள் தெளிவாக விளங்கும். வினையை இயக்குவினையாக மாற்றியவுடன் அது மங்கிவிடுகிறது. ‘ஆற்றில் துணியை அலசினார்’ என்னும் தொடரில் ஆறு வெறும் இடமே. தொட்டியோ குளமோ அவ்விடத்தில் வரலாம். ‘மிகுதிப் படிகாரத்தை ஆறு கொண்டுபோயிற்று’ என்னும் தொடரில் அவ்வாறு மாற்றிவைக்க இயலாது.

6. ஒரு செய்முறை, இரு வடிவங்கள்

ஆங்கிலத்தில் தொழில்முறைக் குறிப்புகள் ஏவல்வினைகளால் அமைகின்றன. ஊறுதல், புளித்தல், உலர்தல், வெளுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகள் இயங்குவினையாகவும் இயக்குவினையாகவும் வடிவம் மாறாமல் வழங்குவன. எனவே, ஏவலில் வரும்போது அவை இயல்பாகவே மனிதனை வினைமுதலாக்குகின்றன. அத்தகைய குறிப்பு ஒன்றைத் தமிழில் இருவகையாக எழுதலாம்.

(5) இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கச்செய்க. துணியில் படிகாரநீரைப் பூசி உலர்த்தி ஆற்றில் அலசுக. சாயமிட்டபின் துணியை வெளுக்கவும்.

(6) வெல்லம் கரைத்த நீரில் இரும்பை இட்டு, அந்நீர் புளிக்கும்வரை விடுக. படிகாரநீர் பூசிய துணி நன்கு காய்ந்தபின், அதனை ஓடும் நீரில் விரித்துப் பிடித்து, மிகுதிப் படிகாரத்தை நீர் கொண்டுபோக விடுக. சாயம் பிடித்த துணியைச் சாணநீரில் ஊறவைத்து, ஆற்றுமணலில் விரித்து, எழுதாத இடங்கள் வெளுக்கும்வரை காயக்காய நீர் தெளித்து வருக.

முதல் வடிவம் சுருக்கமானது, இலக்கணப் பிழையற்றது. ஆயினும் அதனைப் பின்பற்றித் தொழில் கற்க இயலாது. ‘அலசுக’ என்பதை நம்பித் தொட்டியில் அலசுபவருக்குத் துணி முழுவதும் சிவந்துபோகும். ‘வெளுக்கவும்’ என்பதைச் சலவை என்று கொள்பவர் வெளுப்புத்தூளை நாடக்கூடும். இரண்டாம் வடிவத்தில் ஒவ்வொரு மனித வினையும் ஓர் இயற்கை வினையை நோக்கி அமைந்துள்ளது. ‘வரை’ என்னும் சொல், காலத்தை முடிவு செய்வது கடிகாரம் அன்று, பொருளில் தோன்றும் மாற்றமே என்பதை உணர்த்துகிறது. இயற்கையின் பங்கை வினையில் காட்டுவது நடையழகுக்காக மட்டும் அன்று. செய்தி பிழைபடாமல் சென்று சேர்வதற்கும் அதுவே வழி.

7. 1742ஆம் ஆண்டுக் கடிதம்

இச்சிக்கல் புதியதன்று. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் ஐரோப்பாவில் பெருமதிப்புப் பெற்றிருந்த காலத்தில், அவற்றின் செய்முறையை அறிய அங்குள்ளோர் பெரிதும் முயன்றனர். தென்னிந்தியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ஏசுசபைத் துறவி கஸ்தோன்-லோரான் கேர்து 1742இல் எழுதிய கடிதம் ஒன்றில் அதனை விரிவாக விளக்கினார். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் எடுத்துரைத்தவர் என்ற முறையில் மொழியியலார்க்கு அறிமுகமானவரும் இவரே. தெலுங்கில் அகராதிப் பணி செய்த இவர், சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்து எழுதினார். கடுக்காய், சாயவேர் போன்ற பொருள்களின் உள்நாட்டுப் பெயர்களைப் பிரெஞ்சில் ஒலிபெயர்த்தே வழங்கினார்.

பெயர்ச்சொற்கள் இவ்வாறு கடல் கடந்தன. ஆனால், அச்சொற்களோடு இணைந்த வெயிலும் ஆறும் அங்கு அதே நிலையில் கிடைப்பன அல்ல. ஐரோப்பியப் பட்டறைகள் தம் சூழலுக்கு ஏற்ற வழிகளைக் கண்டன. கையால் எழுதுவதற்கு மாறாக அச்சுக்கட்டைகளைப் பயன்படுத்தின. மணலுக்கு மாறாகப் புல்வெளியில் துணியை விரித்து வெளுக்கவிட்டன. பொருளின் பெயரைக் காத்துக்கொள்வது மொழிபெயர்ப்பின் ஒரு பாதி மட்டுமே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எப்பொருள் எங்கே, எதனால், எவ்வளவு காலத்தில் மாறுகிறது என்பதைக் காப்பது மறுபாதி.

8. மிகைப்படுத்தலும் பிழையே

இயற்கையின் பங்கை மறைப்பது ஒரு பிழையாயின், அதனை மிகுத்துக் கூறுவது மற்றொரு பிழை. ‘கதிரவன் தீட்டிய ஓவியம்’, ‘ஆறு வரைந்த சித்திரம்’ போன்ற தொடர்கள் கலைவிழா மலர்களுக்குப் பொருந்தலாம்; விளக்க உரைநடைக்குப் பொருந்தா. ஆறு வரைவதில்லை; மிகுதியைக் கொண்டுசெல்கிறது. வெயில் தீட்டுவதில்லை, நிறம் மங்கச்செய்கிறது. எதனை எங்கே கொண்டுசெல்ல வேண்டும், எது மங்க வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்பதைப் படிகாரக் கோட்டால் முன்னரே முடிவு செய்பவர் ஓவியர். நிறமற்ற நீரால் எழுதும்போதே பின்னர் வரப்போகும் சிவப்பை அவர் மனத்தில் காண்கிறார். அவரது திறமையை இயற்கையின் கொடையாக மாற்றிவிடும் சொல்லாட்சி, தொழிலாளரின் உழைப்பை மறைக்கும் சொல்லாட்சியே ஆகும். கைவினைஞர் பெயர் குறிப்பிடாமல் ‘இயற்கைச் சாயம்’ என்று மட்டும் எழுதும் விளம்பரங்களில் இதனைக் காணலாம்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, மூலமொழியில் வடிவம் மாறாது வரும் வினை ஒவ்வொன்றையும் பெயர்க்குமுன், அம்மாற்றத்தை உண்மையில் நிகழ்த்துவது எது எனக் கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, ‘செய்’, ‘வை’, ‘விடு’ என்னும் மூன்றனுள் ஒன்றைப் பழக்கத்தால் அன்றிப் பொருள் நோக்கித் தெரிவுசெய்தல் வேண்டும். அனைத்தையும் ‘செய்’ என்பதால் பெயர்ப்பது தமிழில் உள்ள வேறுபாட்டை வீணாக்குவதாகும். மூன்றாவது, நிலமும் காலமும் வினையின் நிகழ்வுக்கு இன்றியமையாதன ஆகுமிடத்து, அவற்றைச் சுருக்கம் கருதி நீக்குதல் கூடாது.

அகராதித் துறைக்கும் இங்கு ஒரு பணி உண்டு. சாயம் இறங்குதல், ஏறுதல், பிடித்தல், கசிதல், விடுதல் போன்ற வினைகள் தொழிலாளர் வழக்கில் நுண்ணிய பொருள் வேறுபாடுகளோடு வழங்குகின்றன. பொது அகராதிகள் இவற்றின் பொதுப்பொருளோடு நின்றுவிடுகின்றன. கும்பகோணத்தை ஒட்டிய கோடாலிக் கருப்பூர் முதலிய ஊர்களில் துணியோவியம் நிகழ்ந்த தமிழகத்திற்கும் இது பொருந்தும். சுவர்ணமுகி ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறன்று. ஓடும் நீருக்கு மாற்றாகக் குழாய்நீரைக் கையாள நேரும்போது, தொழில்முறை மட்டுமன்றி அதனைக் குறிக்கும் வினையும் மாறும். ‘நீர் கொண்டுபோக விடுதல்’ என்பது ‘அலசுதல்’ என்றாகும். அம்மாற்றம் முழுமையடையுமுன் இவ்வினைகளை அவை வழங்கும் தொடர்களோடும் சூழலோடும் தொகுத்துப் பதிவுசெய்வது தமிழ், தெலுங்கு மொழியியலார் இணைந்து மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.